காற்றைப் பழக்கிய வில்லிஸ் கேரியர்



சுட்ட முறுக்கை மூடி போடாமல் வைத்துவிட்டால் மறுநாள் என்ன ஆகிறது? நமத்துப் போகிறது. மழைக்காலத்தில் மரக்கதவு உப்பிக்கொண்டு மூட வர மறுக்கிறது. துவைத்துப் போட்ட சட்டை இரண்டு நாள் ஆனாலும் காய்வதில்லை. இத்தனைக்கும் காரணம் ஒன்றுதான். காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் நீராவி! இதைத்தான் ஈரப்பதம் என்று அறிவியல் பாடத்தில் படிக்கிறீர்கள்.

இந்த ஈரப்பதத்தைச் சொன்னபடி கேட்க வைத்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் வில்லிஸ் ஹேவிலண்ட் கேரியர். நாம் இன்று ஏசி என்று அழைக்கும் குளிர்சாதனத்துக்கு வழிகாட்டியவர் அவரே.

ஏசி என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வருவது குளிர்ச்சி. ஆனால் கேரியரின் முதல் இயந்திரம் மனிதர்களுக்காகச் செய்யப்பட்டதல்ல. அது காகிதத்துக்காகச் செய்யப்பட்டது! வியப்பாக இருக்கிறதா? அவருடைய கதையைக் கேளுங்கள். இப்போது பல வீடுகளில் சக்கரம் வைத்த சிறிய ஏசி இருக்கிறதே, அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பேணுவது என்பதும் இந்தக் கதையிலேயே அடங்கியிருக்கிறது.

ஆப்பிளும் பின்னக் கணக்கும்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஈரி ஏரிக்கு அருகே அங்கோலா என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1876ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி வில்லிஸ் பிறந்தார். வீட்டுக்கு ஒரே பிள்ளை.

அவருடைய அம்மா எலிசபெத் கெட்டிக்காரப் பெண்மணி. வீட்டுக் கடிகாரம் நின்றுபோனாலும், தையல் இயந்திரம் ஓடாவிட்டாலும் தாமே பிரித்துப் பார்த்துச் சரிசெய்துவிடுவார். மகன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பான்.

சிறுவன் வில்லிஸுக்குப் பின்னக் கணக்கு மட்டும் புரியவே இல்லை. அரையும் காலும் அரைக்காலும் சேர்ந்து அவனைக் குழப்பின. அம்மா கோபப்படவில்லை. நிலவறையிலிருந்து ஆப்பிள்களை எடுத்து வரச் சொன்னார். ஒன்றை இரண்டாக வெட்டினார். இன்னொன்றை நான்காக, மற்றொன்றை எட்டாக வெட்டினார். அந்தத் துண்டுகளைச் சேர்த்தும் பிரித்தும் கூட்டல் கழித்தல் செய்து காட்டினார். கணக்கு புரிந்துவிட்டது!

பெரிய சிக்கலைக் கண்டால் மிரள வேண்டாம், சிறு துண்டுகளாக வெட்டிப் பார்த்தால் விடை தெரியும் என்ற பாடத்தை அன்று கற்றதாகப் பிற்காலத்தில் அவர் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

ஆனால் அந்த அன்புத் தாய் நீண்ட நாள் வாழவில்லை. வில்லிஸுக்குப் பதினோரு வயதாக இருந்தபோதே இறந்துவிட்டார். உங்களில் பலருடைய வயதுதான் அப்போது அவருக்கும். அம்மா போய்விட்டாலும் அம்மா கொடுத்த பாடம் போகவில்லை.

படிப்புக்கு வந்த தடை

1893இல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார நெருக்கடி ஏற்பட்டது. விவசாயிகள் திண்டாடினார்கள். வில்லிஸுக்கு எஞ்சினியராக வேண்டும் என்று ஆசை. கல்லூரியில் சேரப் பணம் இல்லை. மனம் தளராமல் காத்திருந்தார். சில காலம் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்.

1897இல் புகழ்பெற்ற கார்னெல் பல்கலைக்கழகத்தில் படிக்க மாநில அரசின் உதவித்தொகை கிடைத்தது. அது படிப்புக்கு மட்டும்தான். சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் அவரே சம்பாதிக்க வேண்டும். புல் வெட்டினார். வீடுகளில் கணப்பு அடுப்புகளுக்கு நிலக்கரி போட்டுப் பார்த்துக்கொண்டார். உணவு பரிமாறினார். நண்பர் ஒருவருடன் சேர்ந்து மாணவர்களின் துணிகளைச் சலவைக்கு அனுப்பும் ஏற்பாட்டையும் நடத்தினார். எந்த வேலையையும் அவர் இழிவாக நினைக்கவில்லை. 1901இல் எஞ்சினியர் பட்டம் பெற்றார்.

உடனே பஃபலோ நகரில் இருந்த பஃபலோ ஃபோர்ஜ் என்ற நிறுவனத்தில் வேலை கிடைத்தது. சம்பளம் வாரத்துக்கு 10 டாலர். மரப்பலகைகளையும் காப்பிக்கொட்டையையும் உலர்த்தும் வெப்பக் கருவிகளை வடிவமைப்பது அவருடைய வேலை. குளிர்ச்சியின் தந்தை என்று பெயர் பெறப்போகிறவர் முதலில் செய்தது சூடாக்கும் வேலை!

அந்தக் காலத்தில் இத்தகைய கருவிகளைப் பெரும்பாலும் குத்துமதிப்பாகவே செய்தார்கள். கேரியருக்கு அது பிடிக்கவில்லை. நீராவிக் குழாய்களின் மீது காற்றைச் செலுத்தி, எவ்வளவு காற்று எவ்வளவு வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது என்று அளந்து அட்டவணை போட்டார். அளந்து பார்க்காமல் எதையும் செய்யக் கூடாது என்பது அவருடைய கொள்கை.

அச்சகத்தில் ஒரு தலைவலி

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் சாக்கெட் அண்ட் வில்ஹெல்ம்ஸ் என்ற அச்சகம் இருந்தது. வண்ணப் படங்கள் அச்சிடுவதில் பெயர் பெற்றது. 1902இல் அதற்கு ஒரு தலைவலி வந்தது.

வண்ணப் படம் எப்படி அச்சாகிறது தெரியுமா? அன்று ஒரே தாளை ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒருமுறை இயந்திரத்தில் விடுவார்கள். முதலில் மஞ்சள் அச்சாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து சிவப்பு அச்சிடுவதற்குள் மழை வந்து காற்றில் ஈரம் கூடிவிடுகிறது. தாள் ஈரத்தைக் குடித்துக் கொஞ்சம் விரிந்துவிடுகிறது. மயிரிழை அளவுதான்! ஆனால் சிவப்பு, மஞ்சளின் மேல் சரியாக உட்காராது. ரோஜாப்பூவின் நிறம் பூவை விட்டு வெளியே வழிந்து நிற்கும். வெயில் அடித்தால் தாள் சுருங்கிவிடும். அப்போதும் இதே கதைதான். தாள் வீண், மை வீண், நேரம் வீண்.

இந்தச் சிக்கல் 25 வயது கேரியரிடம் வந்தது. அவர் ஆப்பிளை வெட்டுவதைப் போலச் சிக்கலை வெட்டினார். தாள் ஏன் விரிகிறது? ஈரத்தால். ஈரம் எங்கிருந்து வருகிறது? காற்றிலிருந்து. அப்படியானால் தாளைத் திருத்த வேண்டாம், காற்றைத் திருத்தினால் போதும்!

குளிர்ந்த நீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். டம்ளர் ஓட்டையாகி நீர் கசிவதில்லை. சுற்றியுள்ள காற்றில் இருக்கும் நீராவிதான் குளிர்ந்த பரப்பில் பட்டுத் துளியாகிறது. இதே விதியைக் கேரியர் பயன்படுத்தினார். குழாய்ச் சுருள்களைக் குளிர வைத்து, அவற்றின் மேல் விசிறியால் காற்றைச் செலுத்தினார். காற்றின் ஈரம் சுருள்களில் துளிகளாகத் தங்கியது. உலர்ந்த காற்று அச்சகத்துக்குள் சென்றது. ஈரப்பதம் 55 சதவிகிதம் என்ற அளவில் நிலையாக இருக்க வேண்டும் என்பது அவருடைய இலக்கு.

அந்த வரைபடத்தில் உள்ள தேதி 1902 ஜூலை 17. இன்றைய ஏசியின் பிறந்தநாளாக அதைத்தான் சொல்கிறார்கள்.

டன் என்றால் என்ன?

அந்த அச்சகத்தில் அமைத்த ஏற்பாடு, ஒரு நாளில் 1,08,000 பவுண்டு பனிக்கட்டி உருகினால் கிடைக்கும் குளிர்ச்சியைத் தந்தது. நம் கணக்கில் ஏறத்தாழ 49,000 கிலோ!

குளிர்ச்சியை ஏன் பனிக்கட்டியில் அளந்தார்கள்? அதற்கு முன்பெல்லாம் குளிர்ச்சி வேண்டுமானால் பனிக்கட்டியைத்தான் நம்பியிருந்தார்கள். அமெரிக்காவின் ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி நம் சென்னைக்கே கொண்டுவந்தார்கள். அதைச் சேமித்த கட்டடம்தான் மெரினா கடற்கரைக்கு எதிரே இருக்கும் ஐஸ் ஹவுஸ். இன்று அது விவேகானந்தர் இல்லம்.

2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் முழுவதும் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதுவே ஒரு டன் குளிர்ச்சி. கடையில் 1 டன் ஏசி, ஒன்றரை டன் ஏசி என்கிறார்களே, அது இயந்திரத்தின் எடை அல்ல! அது வெளியேற்றும் வெப்பத்தின் அளவு. அச்சகத்தில் கேரியர் வைத்தது எத்தனை டன் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். 54 டன் வருகிறதா? சபாஷ்!

மூடுபனியில் கிடைத்த விடை

முதல் முயற்சியில் கேரியர் மன நிறைவு அடையவில்லை. இன்னும் துல்லியமாக ஈரத்தைக் கட்டுப்படுத்த வழி தேடினார். 1902ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள் பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்தார். நடைமேடை முழுவதும் மூடுபனி.

மற்றவர்கள் ரயில் வரவில்லையே என்று பார்த்தார்கள். கேரியர் மூடுபனியைப் பார்த்தார். இந்தக் காற்று நீரை முழு அளவில் சுமந்து நிற்கிறது. ஆனாலும் குளிர்ந்திருப்பதால் அதனால் சுமக்க முடிந்த நீர் மிகக் குறைவுதான் என்று யோசித்தார். குளிர்ந்த நீரைத் தூவி இப்படி ஒரு மூடுபனியை நாமே உண்டாக்கினால் என்ன? அந்த நீரின் வெப்பநிலையைக் கூட்டிக் குறைத்தால், காற்றில் எவ்வளவு ஈரம் மிஞ்ச வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யலாமே!

தண்ணீரைத் தூவிக் காற்றை உலர்த்துவது! கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அது உண்மையில் வேலை செய்தது. தூவும் குளிர்ந்த துளிகள் டம்ளரின் குளிர்ந்த பரப்பைப் போல, காற்றின் கூடுதல் ஈரத்தை இழுத்துக்கொண்டன. 1906 ஜனவரி 2ஆம் தேதி இந்தக் கருவிக்குக் காப்புரிமை கிடைத்தது.

அதே ஆண்டு ஸ்டூவர்ட் கிரேமர் என்ற நெசவாலை எஞ்சினியர், ஆலைக் காற்றுக்கு ஈரம் சேர்க்கும் வேலைக்கு ஏர் கண்டிஷனிங் என்று பெயர் சூட்டினார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பஞ்சாலையில் ஈரம் குறைந்தால் நூல் அறுந்துபோகும். அச்சகத்தில் ஈரம் கூடினால் தாள் விரியும். ஒருவருக்கு ஈரம் வேண்டும், ஒருவருக்கு வேண்டாம். இரண்டையும் செய்து கொடுத்தார் கேரியர்.

1911இல் காற்றின் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் உள்ள தொடர்பைச் சூத்திரங்களாக எழுதி, அமெரிக்க இயந்திரப் பொறியாளர்கள் சங்கத்தில் படித்தார். இத்துறையில் இன்றைக்கும் எஞ்சினியர்கள் போடும் கணக்குகளுக்கு அதுவே அடிப்படை.

ஏழு பேரின் துணிச்சல்

1914இல் ஐரோப்பாவில் முதல் உலகப் போர் மூண்டது. பஃபலோ ஃபோர்ஜ் நிறுவனம் இனி பொருள் உற்பத்தி மட்டும் போதும் என்று முடிவு செய்தது. காற்றைப் பதப்படுத்தும் ஆராய்ச்சிக்கு அங்கே இடமில்லை. என்ன செய்வது?

கேரியரும் அவருடைய நண்பர்கள் ஆறு பேரும் கூடிப் பேசினார்கள். கையில் இருந்ததையெல்லாம் திரட்டினார்கள். 32,600 டாலர் சேர்ந்தது. 1915 ஜூன் மாதம் சொந்த நிறுவனம் தொடங்கினார்கள். கேரியருக்கு அப்போது 38 வயது. போர்க்காலம். தோற்றுப்போனால் ஏழு குடும்பங்களும் நடுத்தெருவுக்கு வந்துவிடும். ஆனாலும் தங்கள் கணக்குகள் சரியானவை என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது.

அன்றைய குளிர்பதன இயந்திரங்கள் பூதம் போலப் பெரியவை. அவற்றில் அம்மோனியா என்ற நச்சு வாயு இருந்தது. கசிந்தால் ஆபத்து. மக்கள் கூடும் இடத்தில் அதை வைக்க முடியுமா? கேரியர் சுழலும் விசையால் இயங்கும் புதிய இயந்திரத்தை உருவாக்கி 1922இல் அறிமுகப்படுத்தினார். அளவில் சிறியது, அம்மோனியாவைவிடப் பாதுகாப்பான பொருளைப் பயன்படுத்தியது. 1924இல் டெட்ராய்ட் நகரின் ஹட்சன் பல்பொருள் அங்காடியில் வைத்தார்கள். கோடையில் ஓடிப்போகும் வாடிக்கையாளர்கள் கூட்டமாக வந்தார்கள்.

விசிறிகள் ஓய்ந்த நாள்

1925, மே மாதக் கடைசி. நியூயார்க் நகரின் ரிவோலி திரையரங்கில் கேரியரின் இயந்திரம் முதன்முதலாக ஓடப்போகிறது. கோடையில் திரையரங்குக்குள் போனால் வெந்து போக வேண்டும் என்பது அன்றைய நிலை. அதனால் கூட்டம் கைவிசிறிகளோடு வந்தது. பாரமவுண்ட் படநிறுவனத்தின் தலைவர் அடால்ஃப் சூக்கரும் நேரில் பார்க்க வந்து, மாடி இருக்கையில் அமர்ந்திருந்தார்.

இயந்திரத்தை ஓட்டத் தொடங்கவே தாமதமாகிவிட்டது. கதவு திறந்ததும் மக்கள் வெள்ளமாக நுழைந்தார்கள். உள்ளே புழுக்கம்! ஆயிரக்கணக்கான விசிறிகள் ஆடின. கேரியரும் நண்பர்களும் தவித்துப்போனார்கள். பத்து ஆண்டு உழைப்பு அந்த அரங்கத்தில் தேர்வு எழுதிக்கொண்டிருந்தது.

நேரம் ஆக ஆக, காற்று குளிர்ந்தது. விசிறிகள் ஒவ்வொன்றாக மடிமீது இறங்கின. கடைசியில் ஒரு விசிறியும் ஆடவில்லை. சூக்கருக்கும் மனநிறைவு. அதன்பின் திரையரங்குகள் வரிசையில் நின்று இயந்திரம் வாங்கின. 1928இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்கும், 1929இல் மேலவைக்கும் கேரியரின் குளிர்சாதனம் சென்றது.

1928இல் வீடுகளுக்கும் ஓர் இயந்திரம் கொண்டுவந்தார். ஆனால் மறு ஆண்டே உலகப் பொருளாதாரம் சரிந்தது. வீட்டு ஏசி வாங்க ஆளில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, மிக உயரத்தில் பறக்கும் விமானங்கள் கடுங்குளிரில் எப்படி இயங்கும் என்று தரையிலேயே சோதிக்க, கிளீவ்லாண்ட் நகரில் ஒரு காற்றுச் சுரங்கம் கட்டினார்கள். அதன் காற்றை உறைநிலைக்கு மிகக் கீழே கொண்டுபோகும் பொறுப்பைக் கேரியர் நிறைவேற்றினார்.

1950 அக்டோபர் 7ஆம் தேதி, 73ஆவது வயதில் அவர் காலமானார். நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளில் ஏசி பெருகத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அந்தக் காட்சியைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

உங்கள் வீட்டுக் குட்டி ஏசி

குழந்தைகளே, சுவரில் துளையிட முடியாத வாடகை வீடுகளில் சக்கரம் வைத்த ஏசியை வாங்குகிறார்கள். தள்ளிக்கொண்டு போகலாம். பின்னால் யானைத் துதிக்கை போல ஒரு குழாய் இருக்கும். இதைக் கேரியர் செய்யவில்லை. ஆனால் உள்ளே நடப்பது அவர் காட்டிய வழிதான்: குளிர்ந்த சுருள், விசிறி, சொட்டும் நீர். அவர் பாணியில் அளந்தும் வெட்டியும் பார்ப்போமா?

முதலில் அளவு. டேப்பை எடுத்து அறையின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் அளந்து பெருக்குங்கள். 10 அடிக்கு 12 அடி அறை என்றால் 120 சதுர அடி. நம் ஊர் வெயிலுக்கு இத்தகைய அறைக்குப் பொதுவாக 1 டன் என்று கணக்கிடுவார்கள். மேலே மொட்டை மாடியா? மேற்கே பார்த்த ஜன்னலா? கூடுதலாக வேண்டும். ரிவோலி அரங்கை நினைத்துப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடலே ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடும்! ஆகவே அறையில் எத்தனை பேர் என்பதும் கணக்கில் சேரும்.

பெரிதாக வாங்கிவிட்டால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் தவறு. மிகப் பெரிய ஏசி அறையைச் சட்டென்று குளிர வைத்துவிட்டு நின்றுவிடும். காற்றின் ஈரத்தை எடுக்க அதற்கு நேரம் இருக்காது. அறை குளிர்ந்தும் பிசுபிசுவென்று இருக்கும். கேரியர் எடுக்க நினைத்தது வெப்பத்தை மட்டுமா? ஈரத்தையும் அல்லவா!

அடுத்து துதிக்கைக் குழாய். ஏசி வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. குழாயை ஜன்னல் வழியே வெளியே விடாமல் அறைக்குள்ளேயே விட்டால், எடுத்த வெப்பம் அறைக்கே திரும்பிவிடும். குழாய் நீளாமல், மடங்காமல், நேராக இருக்க வேண்டும். ஜன்னலில் அதைச் சுற்றியுள்ள இடைவெளியை அடைக்க வேண்டும். ஒரே குழாய் உள்ள ஏசி அறைக் காற்றையே வெளியே தள்ளுவதால், அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். எனவே சுவரில் மாட்டும் அதே டன் ஏசி அளவுக்கு இது குளிர வைக்காது. வாங்கும்போதே பெரியவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஏசி திடீரென்று நின்று விளக்கு மட்டும் எரிகிறதா? பெரும்பாலும் உள்ளே நீர்த்தொட்டி நிரம்பியிருக்கும். அந்த நீர் எங்கிருந்து வந்தது? உங்கள் அறைக் காற்றிலிருந்துதான்! பெரியவர்களிடம் சொல்லி, ஏசியை அணைத்து, பிளக்கைக் கழற்றி, நீரை வெளியேற்றச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் இது அடிக்கடி நிரம்பும்.

குளிர்ச்சி குறைந்துவிட்டதா? ஆப்பிளை வெட்டுங்கள். கதவு திறந்திருக்கிறதா? குழாய் மடங்கியிருக்கிறதா? ஃபில்டரில் தூசி அடைத்திருக்கிறதா? தூசி அடைத்தால் காற்று குறையும்; சுருளின் மேல் பனி படியும். அப்போது ஏசியை அணைத்துவிட்டுப் பனி தானாக உருகும்வரை காத்திருக்க வேண்டும். கத்தியால் சுரண்டினால் சுருளில் ஓட்டை விழும். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரில் கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்து மாட்டச் சொல்லுங்கள். ஈரத்தோடு மாட்டக் கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் குளிரவில்லை என்றால் மெக்கானிக்கை அழைக்க வேண்டியதுதான். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஏசியில் உள்ள வாயு, பெட்ரோல் போலத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. அது குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்பினால் பயனில்லை. சில ஏசிகளில் தீப்பற்றக் கூடிய வாயுவும் இருக்கும். ஆகவே நீங்கள் ஸ்குரூடிரைவரைத் தொடவே கூடாது!

வேறு வீட்டுக்கு எடுத்துச் செல்லும்போது நிமிர்த்தியே கொண்டு போக வேண்டும். படுக்க வைக்க நேர்ந்தால், கம்ப்ரசரின் எண்ணெய் தன் இடத்துக்குத் திரும்பும்வரை சில மணி நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டுப் பிறகுதான் போட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகக் கூடாது. பவர் பிளக்கில் மட்டுமே செருக வேண்டும். கோடை முடிந்ததும் நீரை முழுவதும் வடித்து, விசிறியை மட்டும் சிறிது நேரம் ஓடவிட்டு உள்ளே உலர்த்தி வைத்தால், அடுத்த ஆண்டு பூஞ்சை நாற்றம் வராது.

காற்றுக்கும் கணக்கு உண்டு

ஏசியால் தீமையே இல்லையா? உண்டு. அறையின் வெப்பம் தெருவுக்குப் போகிறது. மின்சாரம் நிறையச் செலவாகிறது. பிற்காலத்தில் பயன்பாட்டுக்கு வந்த சில குளிர்பதன வாயுக்கள் ஓசோன் படலத்தை அரித்தன. அவற்றைக் கைவிட 1987இல் உலக நாடுகள் மான்ட்ரியல் நகரில் ஒப்பந்தம் செய்தன. அங்கேயும் விஞ்ஞானிகள் அளந்து பார்த்துத்தான் ஆபத்தைக் கண்டுபிடித்தார்கள். ஆகவே தேவையான நேரத்தில் மட்டும், 24 முதல் 26 டிகிரிக்குள் வைத்துப் பயன்படுத்துவதே அழகு.

கேரியர் பெரிய செல்வந்தர் வீட்டில் பிறக்கவில்லை. பின்னக் கணக்கு வராத பிள்ளையாக இருந்தவர்தான். தாயை இழந்தார், கல்லூரிக்குக் காத்திருந்தார், புல் வெட்டிப் படித்தார். ஆனால் ஒரு சிக்கல் வந்தால், எதனால் வந்தது என்று துண்டு துண்டாக வெட்டிப் பார்க்காமல் அவர் விட்டதில்லை.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. டேப்பை எடுத்து உங்கள் வீட்டு அறைகளையும் வகுப்பறையையும் அளந்து சதுர அடியைக் கணக்கிடுங்கள். எத்தனை ஜன்னல், எந்தத் திசை, எத்தனை பேர் என்று நோட்டில் எழுதுங்கள். எந்த அறை அதிகம் புழுங்குகிறது, ஏன் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். விடையை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டத் தவறாதீர்கள்!